மலைமேல் ஒரு கிராமம்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை சாப்ளின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆதரவாளர் கூடுகை என்றால் வார்டுகளைப் பற்றியும் வரவுசெலவைப் பற்றியும் கேட்கலாம் என்று வந்திருப்பீர்கள். அவற்றைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட இந்த நேரத்தில் உங்களை ஒரு கிராமத்திற்கு அழைத்துப் போக விரும்புகிறோம். அது பிரான்சு தேசத்தின் தெற்கு நடுப்பகுதியில், மலைமேல் இருக்கிற ஒரு சிற்றூர். லெ ஷாம்போன்-சூர்-லின்யோன் என்று பெயர். லின்யோன் என்பது ஆற்றின் பெயர். லின்யோன் ஆற்றங்கரையில் உள்ள ஷாம்போன் என்று பொருள். நாம் சுருக்கமாக ஷாம்போன் என்றே சொல்லிக்கொள்வோம்.

இந்த ஊரை நாங்கள் அறிந்துகொண்டது ஒரு மருத்துவர் மூலமாக. ஆல்பர்ட் சுவைட்சர் 1913-ம் ஆண்டு ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் லாம்பரேனே என்னும் இடத்தில் தொடங்கிய மருத்துவமனையைப் பற்றி நம்மில் அநேகர் கேள்விப்பட்டிருக்கிறோம். அங்கே சில காலம் ஊழியம் செய்த இளம் மருத்துவர் ஒருவர், பிற்பாடு இந்த ஷாம்போனுக்கு வந்து வைத்தியம் பார்த்தார். ரோஜே லெ ஃபொரெஸ்தியே என்பது அவர் பெயர். அவருடைய முடிவைப் பின்னால் சொல்வோம். முதலில் அவர் வந்து சேர்ந்த ஊரைப் பார்ப்போம்.

பிரான்சின் வரைபடத்தில் லியோன் நகரத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து தென்மேற்கே வந்தால் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன சேன்ட் எத்தியேன். அதற்கும் தெற்கே மலை ஏறினால் ஒரு மேட்டுநிலம் விரியும். ஷாம்போன் அங்கே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே 1,753 மீட்டர் உயரமுள்ள மெசாங்க் மலை. லுவார் என்னும் பெரிய நதி அந்தப் பக்கத்து மலைகளில்தான் பிறக்கிறது. லின்யோன் ஆறும் கடைசியில் அதிலேதான் போய்ச் சேருகிறது.

அங்கே குளிர்காலம் நீண்டது, கொடியது. வடக்கிலிருந்து 'பூர்ல்' என்று அவர்கள் அழைக்கும் ஒரு காற்று வீசும். விழுந்த பனியை வாரி எடுத்துப் பாதைகளில் சுவர்போலக் குவித்துவிடும். வீடுகள் கனத்த கருங்கல் சுவர்களால் ஆனவை. மனிதர் வாழும் அறை, மாட்டுத் தொழுவம், மேலே வைக்கோல் பரண் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். பண்ணை வீடுகள் கூட்டமாக இராமல், மேய்ச்சல் நிலங்களுக்கும் பைன் மரக் காடுகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கும். ரை தானியமும் உருளைக்கிழங்கும் விளையும், மாடு வளர்ப்பார்கள். செல்வம் கொழிக்கும் ஊர் என்று எவரும் சொல்ல முடியாது. இன்றைக்கும் அந்த ஊரில் சுமார் 2,500 பேர்தான் குடியிருக்கிறார்கள்.

அந்த நிலத்தின் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எளிதில் போய்ச் சேர முடியாத இடம். வழி அறியாதவன் தேடினால் எதையும் கண்டுபிடிக்க முடியாத இடம். ஆனால் பனியில் ஒருவன் வந்து கதவைத் தட்டினால் திறக்காமலிருக்கவும் முடியாது. திறக்காவிட்டால் விடிவதற்குள் அவன் செத்துப்போவான்.

இனி சரித்திரத்திற்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தம் பிரான்சில் பரவியபோது இந்த மேட்டுநிலத்து ஜனங்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். கத்தோலிக்கர் நிறைந்த அந்தத் தேசத்தில் சீர்திருத்த சபையார் எப்பொழுதும் சிறுபான்மையினர். 1598-ல் நாந்த் என்னும் நகரத்தில் பிறப்பித்த கட்டளையால் அவர்களுக்கு வழிபாட்டுரிமை கிடைத்தது. 1685-ல் பதினான்காம் லூயி மன்னன் அந்தக் கட்டளையை ரத்து செய்தான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். இரகசிய ஆராதனையில் பிடிபட்ட ஆண்கள் கப்பல்களில் துடுப்பு வலிக்கும் அடிமைகளானார்கள். பெண்கள் சிறைக்குப் போனார்கள்.

அக்காலத்துக்கு அந்தச் சபையார் வைத்த பெயர் 'வனாந்தரம்'. இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் அலைந்ததை மனதில் கொண்டு வைத்த பெயர். நூறு வருஷம் அவர்கள் காட்டிலும் களஞ்சியத்திலும் கூடி ஆராதித்தார்கள். 1787-ல்தான் அரசு அவர்களுடைய பிறப்பையும் திருமணத்தையும் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. இந்த மேட்டுநிலத்திற்குக் கிழக்கே விவாரே நாட்டில் பிறந்தவர் மரீ தூரான் அம்மையார். 1730-ல் தெற்குக் கடற்கரையில் எக்-மோர்த் கோட்டையின் கோபுரத்தில் அவரை அடைத்தார்கள். அவர் வெளியே வந்தது 1768-ல். முப்பத்தெட்டு வருஷம்! விசுவாசத்தை மறுதலிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. 'எதிர்த்து நில்' என்று பொருள்படும் ஒரு சொல் அந்தக் கோபுரத்துக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அது அவருடைய கைவேலை என்றே வழிவழியாகச் சொல்லுகிறார்கள்.

ஷாம்போன் ஊர்ப் பிள்ளைகள் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். இரவில் வந்த போதகரை வைக்கோல் பரணில் ஒளித்து வைத்தது, வேவு பார்க்க வந்தவனிடம் வாய் திறவாமல் இருந்தது இவையெல்லாம் அவர்களுக்குப் பாட்டன் பாட்டி சொன்ன குடும்பக் கதைகள். அங்குள்ள சபையின் ஆலய வாசலுக்கு மேலே, ஒருவரிலொருவர் அன்பாயிருக்கும்படி ஆண்டவர் கொடுத்த கட்டளை செதுக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து வருவதைத்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். 1893-ம் ஆண்டு, சேன்ட் எத்தியேன் நகரத்தில் லூயி கோம்த் என்ற போதகர் இருந்தார். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் புகையைச் சுவாசித்து நலிந்துபோன பிள்ளைகளைப் பார்த்து மனமிரங்கினார். மலையிலே நல்ல காற்று இருக்கிறது, பால் இருக்கிறது, பண்ணைகளில் இடம் இருக்கிறது; கோடைகாலத்தில் சில வாரமாவது இவர்கள் அங்கே போய்த் தங்கினால் என்ன என்று யோசித்தார். 'மலைக்குப் போகும் பிள்ளைகள்' என்ற பொருளில் ஒரு ஊழியத்தைத் தொடங்கினார். மேட்டுநிலத்துக் குடியானவர்கள் யாரோ பெற்ற பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொண்டார்கள். 1902-ல் ஒரு சிறிய ரயில் பாதை ஷாம்போன் வழியாக வந்தது. அதன் பிறகு கோடைதோறும் பிள்ளைகளும் சுகவீனர்களும் அதிகமாக வந்தார்கள். பிள்ளைகள் இல்லங்களும் தங்கும் விடுதிகளும் எழும்பின.

வீடுகளில் ஒரு கட்டில் அதிகமாகப் போட்டு வைப்பது, முன்பின் தெரியாத பிள்ளைக்கு ஒரு கோப்பை பால் ஊற்றுவது, அவன் பேச்சு புரியாவிட்டாலும் பொறுத்துக்கொள்வது இவையெல்லாம் அந்த ஊருக்கு வழக்கமாகிவிட்டன. ஏறக்குறைய ஐம்பது வருஷம் இப்படிக் கழிந்தது. இதை யாரும் பெரிய தியாகம் என்று எண்ணவில்லை. ஆனால் கர்த்தர் அந்த ஊரை ஒரு நாளுக்காக ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார் என்று நாங்கள் விசுவாசிக்கிறோம்.

1934-ல் ஆந்த்ரே த்ரோக்மே என்ற போதகர் தம் மனைவி மக்தாவோடும் பிள்ளைகளோடும் அங்கே வந்தார். 1938-ல் அவரும் எதுவார் தெய்ஸ் என்ற உடன் போதகரும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 1940 ஜூன் 22-ல் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றுக் கையெழுத்திட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று பிரசங்க பீடத்திலிருந்து அந்தப் போதகர்கள் சபைக்குச் சொன்னதன் சாரம் இதுதான்: மனச்சாட்சிக்கு விரோதமாக எதையும் செய்யச் சொன்னால் கீழ்ப்படியக் கூடாது, எதிர்த்து நிற்க வேண்டும், ஆனால் பகையில்லாமல், ஆவிக்குரிய ஆயுதங்களைக் கொண்டு எதிர்த்து நிற்க வேண்டும்.

சோதனை சீக்கிரமே வந்தது. அதே வருஷம் அக்டோபரில் விஷி அரசு யூதருக்கு விரோதமான சட்டங்களைப் பிறப்பித்தது. அந்த மாதத்திலேயே ஜெர்மனியின் தென்மேற்குப் பகுதியிலிருந்து 6,500-க்கும் மேற்பட்ட யூதர்கள் பிரான்சுக்குக் கடத்தப்பட்டு, பிரெனீஸ் மலையடிவாரத்தில் இருந்த குர்ஸ் முகாமில் அடைக்கப்பட்டார்கள். சேற்றிலும் பசியிலும் குளிரிலும் முதியவர்கள் மடிந்தார்கள். த்ரோக்மே போதகர் அந்த முகாம்களுக்குப் போய்ப் பணிசெய்ய நினைத்தார். ஆனால் மார்சேய் நகரத்தில் அவர் சந்தித்த குவேக்கர் சகோதரர் ஒருவர் வேறொரு தேவையை எடுத்துச் சொன்னார். முகாமிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவர வழி இருக்கிறது, அவர்களை வைத்துக் காப்பாற்றத்தான் ஒரு ஊர் இல்லை என்றார்.

பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றுவது ஷாம்போன் ஊருக்குத் தெரிந்த வேலை அல்லவா? 1941 மே மாதம் சுவிட்சர்லாந்து உதவி அமைப்பின் முதல் இல்லம் அங்கே திறக்கப்பட்டது. அதன்பின் இன்னும் பல இல்லங்கள் எழும்பின. செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும், அந்த ஊரை ஒருநாளும் கண்ணால் பாராத ஜனங்கள் கொடுத்த காணிக்கையிலிருந்து வந்தது. ஆதரவாளர்களாகிய நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். சரித்திரப் புத்தகங்கள் போதகர்களின் பெயரைச் சொல்லுகின்றன. அங்கே கொதித்த கஞ்சிக்கு மாவு வாங்கியவர்களின் பெயரை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

1942 ஜூலையில் பாரிசில் ஆயிரக்கணக்கான யூதர்கள் கைதுசெய்யப்பட்டார்கள். ஆகஸ்டில் விஷி அரசின் வாலிபர் துறைத் தலைவர் ஷாம்போனுக்கு விஜயம் செய்தபோது, பள்ளி மாணவர்கள் அவர் கையிலேயே ஒரு கண்டனக் கடிதத்தைக் கொடுத்தார்கள். எங்கள் நடுவில் யூதர்கள் இருக்கிறார்கள், நாங்கள் அவர்களை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை என்பது அதன் கருத்து. அந்த மாதக் கடைசியில் காவலர்கள் பேருந்துகளோடு வந்தார்கள். பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். போதகர் கொடுக்க மறுத்தார். இரவோடு இரவாக வாலிபர்கள் பண்ணைகளுக்கு ஓடிச் செய்தி சொன்னார்கள். அகதிகள் காட்டுக்குள்ளும் களஞ்சியங்களுக்குள்ளும் மறைந்தார்கள். காவலர்கள் வாரக்கணக்கில் தேடியும் ஏறக்குறைய வெறுங்கையோடு திரும்பினார்கள்.

இதை ஒரு போதகரின் வீரக் கதையாகச் சொல்லிவிடுவது எளிது. உண்மை அதைவிடப் பெரியது. பக்கத்து ஊர்களான மசே-சென்-வுவா, ஃபே, தான்ஸ், சென்-அக்ரேவ் எல்லாம் இதில் பங்குகொண்டன. கத்தோலிக்கர் உதவினார்கள், சகோதர சபையார் உதவினார்கள். தட்டச்சுப் பொறிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்த ஒஸ்கார் ரோசோவ்ஸ்கி என்ற யூத வாலிபர், ஒரு பண்ணை வீட்டில் தங்கி ஆயிரக்கணக்கான பொய் அடையாளச் சீட்டுகளைத் தயாரித்தார். சோதனை வரும்போது அவற்றைத் தேனீப் பெட்டிகளில் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்தபின் அவர் மருத்துவரானார். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த சுவிட்சர்லாந்து எல்லைக்குச் சிலரை இரகசியமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அடைக்கலம் தேடி வந்தவர்களை மதம் மாற்ற அந்தச் சபையார் முயலவில்லை என்று அங்கே தங்கியிருந்த யூதர்களே சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நல்ல காற்று எல்லோரையும் இழுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். நுரையீரல் காசத்தால் வருந்திய எழுத்தாளர் ஆல்பர் கமு 1942-ல் அங்கே வந்து ஓராண்டுக்கு மேல் தங்கினார். 1947-ல் வெளிவந்த 'கொள்ளைநோய்' என்ற நாவலின் பெரும் பகுதியை அங்கேதான் எழுதினார். காயப்பட்ட ஜெர்மன் போர்வீரர்களும் 1943-ல் குணமடைவதற்காக அந்த ஊர் விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். தேடுகிறவனும் தேடப்படுகிறவனும் ஒரே தெருவில் நடந்தார்கள்.

கிரயம் செலுத்தாமல் இது நடக்கவில்லை. 1943 பிப்ரவரி 13-ல் இரண்டு போதகர்களும் பள்ளித் தலைமையாசிரியர் ரோஜே தார்சிசாக்கும் கைதுசெய்யப்பட்டு ஏறக்குறைய ஒரு மாதம் முகாமில் வைக்கப்பட்டார்கள். தம் கணவரைப் பிடிக்க வந்த காவலர்களையும் மக்தா அம்மையார் மேசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். ஜூன் 29-ல் ஜெர்மன் இரகசியக் காவலர்கள் ஒரு மாணவர் இல்லத்திற்குள் புகுந்து 18 மாணவர்களைப் பிடித்தார்கள். அந்த இல்லத்தின் பொறுப்பாளர் தானியேல் த்ரோக்மே, போதகருக்கு உறவினர், முப்பது வயதைச் சற்றே தாண்டியவர். தப்பியோட வாய்ப்பிருந்தும் ஓடாமல், தம் மாணவர்களோடு நின்றார். 1944 ஏப்ரலில் போலந்து நாட்டு மய்தானெக் முகாமில் மரித்தார்.

இப்பொழுது நம் மருத்துவரிடம் திரும்புவோம். லெ ஃபொரெஸ்தியே 1944 ஆகஸ்டில் லெ புய் நகரத்தில் கைதுசெய்யப்பட்டார். அங்கிருந்து லியோன் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 20-ல், நகரத்துக்கு வெளியே சென்-ஜெனி-லவால் என்ற இடத்தில், ஏறக்குறைய 120 கைதிகளோடு அவரையும் கொன்றார்கள். ஐந்து நாள் கழித்துப் பாரிஸ் விடுதலையானது. இரண்டு வாரத்தில் அந்த மலைநாடும் விடுதலையானது. அவருடைய மனைவியும் சிறு பிள்ளைகளும் ஷாம்போனில் காத்திருந்தார்கள்.

எத்தனை பேர் அங்கே காப்பாற்றப்பட்டார்கள்? 5,000 பேர் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். பிற்பாடு ஆராய்ந்தவர்கள் 3,000 அல்லது 3,500 என்று குறைத்துச் சொல்லுகிறார்கள். யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை; எழுதினால் ஆபத்து. 1990-ல் எருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம், ஷாம்போனையும் சுற்றுவட்டார ஊர்களையும் ஒட்டுமொத்தமாகக் கனம்பண்ணியது. 2004-ல் பிரான்சின் ஜனாதிபதி ஷிராக் நேரில் வந்து நன்றி செலுத்தினார். 2013-ல் ஆலயத்தின் எதிரே ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. 1968-ல் நின்றுபோன அந்தச் சிறு ரயில், இன்று கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்காக மேட்டுநிலத்தில் ஓடுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1943-ல் தம் குடும்பத்தோடு அங்கே அடைக்கலம் புகுந்த வியன்னா நகரத்துச் சிறுவன் ஒருவர், வளர்ந்து முதிர்வயதில் 2020 டிசம்பரில் காலமானார். அவருடைய உயிலைத் திறந்து பார்த்தபோது, ஏறக்குறைய இருபது லட்சம் யூரோ பணத்தை அந்தக் கிராமத்திற்கு எழுதி வைத்திருந்தார். அங்குள்ள பிள்ளைகளின் கல்விக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். எழுபத்தேழு வருஷங்களுக்கு முன்னால் குடித்த ஒரு கோப்பை பாலை அவர் மறக்கவில்லை.

பிரியமானவர்களே, காப்பாற்றியவர்களிடம் பிற்காலத்தில் போய், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லையாம். வேறென்ன செய்ய முடியும் என்ற பாவனையில் பார்த்தார்களாம். நாங்கள் இதைப் பலமுறை யோசித்திருக்கிறோம். ஆபத்து நாளில் புதிதாக ஒரு தைரியம் வானத்திலிருந்து விழும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் 1942-ல் திறந்த கதவு, 1893-லேயே இருமிக்கொண்டு வந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்காகத் திறந்த கதவு. அது திறந்து பழகியிருந்தது.

உங்கள் முன்பாக ஒன்றை அறிக்கையிடுகிறோம். வார்டுகளில் நடந்துபோகையில் பார்வையாளர் யாரும் வராத கட்டில்கள் உண்டு. வேலை மிகுதியான நாட்களில், அப்படிப்பட்ட கட்டிலை வெறும் தலையசைப்போடு நாங்களும் தாண்டிப் போயிருக்கிறோம். யாரும் அதைக் குற்றம் என்று எழுதமாட்டார்கள். ஆனால் கதவைத் திறவாமல் இருக்கவும் மனுஷன் இப்படிச் சிறுகச் சிறுகத்தான் பழகுகிறான். அந்த ஊரைப் பற்றிப் படித்த பின்பு, அந்தக் கட்டிலருகே ஐந்து நிமிஷமாவது உட்காராமல் போவதில்லை என்று எங்களுக்குள் தீர்மானித்திருக்கிறோம்.

நீங்கள் மாதந்தோறும் அனுப்பும் காணிக்கையும் அப்படிப்பட்ட ஒரு பழக்கம்தான். சிறியது என்று நீங்கள் எண்ணலாம். எந்த நாளுக்காக அது உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆயத்தப்படுத்துகிறது என்பதைக் கர்த்தர் அறிவார்.

ஜெபிப்போம். பரம பிதாவே, பனியில் வந்து கதவைத் தட்டினவர்களை உமது ஜனங்கள் ஏற்றுக்கொள்ளும்படி அவர்களை முன்னதாகவே பழக்கினீரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் வீட்டு வாசலையும் எங்கள் மருத்துவமனை வாசலையும் அப்படியே பழக்கும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம். ஆமென்.